ஊர்ப் பேச்சிலிருந்து நிலவு வரை: ஓர் ஆங்கில இசைக்குழுவின் வளர்ச்சி

கலைஞன் வளர வேண்டுமெனில், தன்னை வளர்த்த மண்ணின் பேச்சை விட்டு நீங்கத்தான் வேண்டுமா? மொழி பயில்வோர் அனைவர்க்கும் உரிய இவ்வினாவை, ‘ஆர்க்டிக் மங்கீஸ்’ என்னும் ஆங்கில இசைக்குழுவின் வரலாறு கொண்டு ஆராய்வோம்.

பெருநிறுவனங்களைச் சாராத சிறு வெளியீட்டகங்களை நம்பி வளர்ந்த ராக் இசையை ‘இண்டி ராக்’ என்பர். அவ்வகையைச் சார்ந்த இக்குழு, எஃகுத் தொழிலால் பெயர்பெற்ற ஷெஃபீல்டு நகரின் புறநகராகிய ஹை கிரீனில் 2002ஆம் ஆண்டு தோன்றியது. அலெக்ஸ் டர்னர் பாடல் புனைந்து பாடினார். ஜேமி குக் கிதாரும், மாட் ஹெல்டர்ஸ் டிரம்சும் வாசித்தனர். தம் ஒலிப்பதிவுகளை நிகழ்ச்சிகளில் இவர்கள் இலவசமாகவே வழங்கினர். இரசிகர்கள் அவற்றை இணையத்தின் வழியே பரப்பினர். 2005இல் டாமினோ என்னும் நிறுவனம் இவர்களை ஏற்றது. 2006 சனவரியில் வெளிவந்த முதல் இசைத்தொகுப்பு, ஒரே வாரத்தில் பிரிட்டனில் 3,60,000 படிகளுக்கு மேல் விற்றது. அவ்வாண்டின் மெர்க்குரி பரிசையும் அது வென்றது.

இவ்வெற்றிக்குக் காரணம் யாது? கிதாரின் விரைவு ஒன்று. வட்டார வழக்கு மற்றொன்று. இரவு விடுதியின் வாயிற்காவலர், வாடகைக் கார், வார இறுதியில் திரியும் இளைஞர் என அன்றாட வாழ்வையே டர்னர் பாடினார். தம் ஊர் உச்சரிப்பைச் சற்றும் மறைத்தாரில்லை.

ஆயினும் அவர்கள் அங்கேயே நின்றுவிடவில்லை. 2009இல் வெளிவந்த ‘ஹம்பக்’ தொகுப்பின் ஒரு பகுதி கலிஃபோர்னியப் பாலைநிலத்தில் பதிவானது. இசை கனத்தது, வேகம் தணிந்தது. 2013இன் ‘ஏ.எம்.’ தொகுப்பில் ஹிப்-ஹாப் தாளம் கலந்தது. தம் 30ஆம் பிறந்தநாளில் பியானோ ஒன்றைப் பரிசாகப் பெற்ற டர்னர், அதில் அமர்ந்தே 2018ஆம் ஆண்டுத் தொகுப்பின் பாடல்களைப் புனைந்தார். நிலவில் அமைந்த கற்பனை விடுதியே அதன் களம். 1969இல் அப்பல்லோ-11 இறங்கிய இடத்தின் பெயரை அவ்விடுதி தாங்கியது. 2022இன் ‘தி கார்’ தொகுப்பில் வயலின் முதலிய நரம்பிசையே மேலோங்கிற்று.

பழைய இரசிகர் பலர் இம்மாற்றத்தை ஏற்கத் தயங்கினர். அவர்தம் ஏக்கம் நமக்கு விளங்காமல் இல்லை. தம் தெருவின் பேச்சைப் பாட்டில் கேட்ட மகிழ்ச்சி எளிதில் மறக்கத்தக்கதன்று. எனினும், 20 வயதில் வாழ்ந்து பாடியதை 32 வயதில் திரும்பப் பாடினால் அது வெறும் பாவனையாகிவிடும். மனிதரின் போலித்தனத்தைக் கூர்ந்து நோக்கி நகைக்கும் பார்வை, ஷெஃபீல்டுத் தெருவிலும் நிலவு விடுதியிலும் ஒன்றாகவே உள்ளது. வட்டார வழக்கு இவர்களுக்கு அணியாக அமையவில்லை. அன்றைய வாழ்வின் உண்மையாக அமைந்தது. அவ்வுண்மையைக் கைவிடாமையே மண்ணுக்குச் செய்யும் நன்றி என்பது நம் துணிபு.