டிக்கெட் ஒண்ணு குறைஞ்சா அம்மாதான் வீட்டில்!



நான் பத்தாவது வரை படித்த இல்லத்தரசி. சென்னை வில்லிவாக்கத்தில் குடியிருக்கிறோம். என்னவர் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறார். பெண் ஆறாவது படிக்கிறாள், பையன் மூன்றாவது. கூடவே மாமியாரும் இருக்கிறார். இந்தப் பகுதிக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

போன வருஷம் கோடை லீவு விடுவதற்கு முன், ஒரு குழந்தைகள் நாடகத்துக்கான நோட்டீஸைப் பெண் கொண்டு வந்தாள். யானை, குரங்கு, முதலை எல்லாம் மேடைக்கு வருமாம். இரண்டு பேரும் குதித்தார்கள். டிக்கெட் 300 ரூபாய். குழந்தைகளுக்கும் முழு டிக்கெட்தான். ஐந்து பேர் போனால் 1,500 ரூபாய். மாசக் கடைசி வேறு! மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. எனக்கு மாவு அரைக்கணும். அத்தைக்கும் துணைக்கு ஆள் வேணுமே" என்றேன். என்னவர் மறுபேச்சுப் பேசவில்லை. நம் வீடுகளில் இது என்ன புதுசா?

மூன்று டிக்கெட் 900 ரூபாய். ஆட்டோ போக வர 260. வீட்டிலிருந்து தின்பண்டம் கொண்டு போகக் கூடாது என்று வாசலிலேயே பையை வாங்கி வைத்துக் கொண்டார்களாம். உள்ளே பாப்கார்ன், ஜூஸ் என்று 240. ஆக 1,400 ரூபாய். இரண்டரை மணி நேரத்தில் எங்கள் வீட்டு ஒரு வார மளிகை, காய்கறிப் பணம் போயே போச்சு!

ஆனாலும் குழந்தைகள் முகத்தைப் பார்க்கணுமே! வந்ததும் வராததுமாக அடுப்படியிலேயே முழு நாடகத்தையும் எனக்குப் போட்டுக் காட்டினார்கள். பையன் முறத்தை வாயாக வைத்துக் கொண்டு முதலையாகத் தரையில் ஊர்ந்தான். வயிறு வலிக்கச் சிரித்தேன். ராத்திரி படுக்கும்போது பெண் மெதுவாகக் கேட்டாள்: "ஏம்மா, உனக்கு நாடகமெல்லாம் பிடிக்காதா?"

"ஏண்டி அப்படிக் கேக்கறே?"

"நீ எதுக்குமே வர்றதில்லையே. சர்க்கஸுக்கும் வரலை. இதுக்கும் வரலை."

சுருக்கென்றது. காசு இல்லாததால் அம்மா வரவில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு ஆசையே இல்லை என்று நினைத்திருக்கிறாள்! நாளைக்கு அவளுக்கும் கல்யாணமாகி, ஒரு டிக்கெட் குறைந்தால், "எனக்கு மாவு அரைக்கணும்" என்று சொல்லத்தானே என்னிடம் கற்றுக் கொள்வாள்? அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

எனக்கா ஆசை இல்லை? நான் பிறந்தது திருவையாறு பக்கம். வருஷா வருஷம் தை மாதம் காவிரிக் கரையில் தியாகராஜர் ஆராதனை நடக்கும். பெரிய பெரிய வித்வான்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகள் பாடுவார்கள். டிக்கெட்டாவது ஒன்றாவது! என் அம்மா இடுப்பில் தம்பி, கையில் நான், தூக்குவாளியில் தயிர்சாதம் என்று போய் மணலில் உட்கார்ந்து கொள்வோம். அங்கே தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பத் தன் சொத்தைக் கொடுத்தவரே பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ற ஒரு பெண்மணிதான். அந்தக் காலத்தில் ஆராதனையில் பெண்களைப் பாட விட மாட்டார்களாம். அதற்காகவும் போராடியவர் அவர். ஒரு பெண் செலவழித்துக் கட்டிய இடத்தில் இன்றைக்கும் ஏழை பணக்காரர் எல்லோரும் இலவசமாகக் கேட்கிறோம். எவ்வளவு பெரிய விஷயம்!

என் மாமியாரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். அவர் செய்யாறு பக்கம். தெருக்கூத்துக்குப் பேர் போன புரிசை அங்கேதான் இருக்கிறது. "எங்க ஊர்ல கூத்துக்கு ஏதும்மா டிக்கெட்டு? வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி வசூல் பண்ணுவாங்க. இருக்கிறவங்க கூடக் குடுப்பாங்க. கூத்தாடுறவங்களுக்குச் சோறும் பணமும் ஊரு குடுக்கும். நாங்க பாயைத் தூக்கிக்கினு போயி விடிய விடியப் பார்ப்போம்" என்பார். சென்னைக்கு வந்து இருபது வருஷமாக அவர் எதையும் நேரில் பார்த்ததில்லை.

யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே! கலைஞர்களுக்கும் வயிறு இருக்கிறது. ஹால் வாடகை, மைக், லைட் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். எல்லாமே சும்மா கொடு என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கிராமத்தில் செலவை ஊரே பகிர்ந்து கொண்டது. எந்தக் குழந்தையையும் தலை எண்ணி நிறுத்தவில்லை. இங்கே தலைக்கு இவ்வளவு என்று எண்ணுகிறார்கள். எண்ணும்போது முதலில் கழிகிற தலை அம்மாவுடையது, அடுத்தது பாட்டியுடையது!

மாடி வீட்டு அக்காவிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோதுதான் வழி பிறந்தது. "அட, மார்கழி சீசனில் பல சபாக்களில் காலையிலும் மதியத்திலும் நடக்கிற கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாதே! வளர்ந்து வருகிற சின்ன வயசுக் கலைஞர்கள் பாடுவாங்க. சாயங்காலக் கச்சேரிக்குத்தான் டிக்கெட்" என்றார். 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு ஒரு இசை மாநாடும் நடந்ததாம். அதைத் தொடர்ந்து 1928-ல் மியூசிக் அகாடமி ஆரம்பித்ததாம். அப்படி வளர்ந்ததுதான் இந்த சீசன் என்றும் சொன்னார். இத்தனை வருஷம் இதே ஊரில் இருந்து கொண்டு எனக்கு இது தெரியவில்லை பாருங்கள்!

டிசம்பரில் அரையாண்டு லீவு விட்டதும், பேப்பரில் அன்றைய நிகழ்ச்சிகள் பார்த்து ஒரு மதியக் கச்சேரிக்குக் கிளம்பினோம். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை அல்லவா? பையனுக்கு மட்டும் அரை டிக்கெட். புளிசாதமும் தண்ணீரும் கையில். சபா வாசலில் பட்டுப் புடவைகளைப் பார்த்ததும் மாமியார் தயங்கி நின்றுவிட்டார். "இதெல்லாம் நம்மளமாதிரி ஆளுங்களுக்காம்மா?" என்றார். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். "கேக்கறதுக்குக் காது இருந்தா போதும் அத்தை, வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. பாதி நாற்காலி காலியாகத்தான் கிடந்தது!

பையன் அரை மணி நேரத்தில் நெளிய ஆரம்பித்தான். முன் வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பித் திரும்பி முறைத்தார். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். அப்போது தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தது. மிருதங்கத்தில் விரல்கள் ஓடுவதைப் பார்த்து வாயைப் பிளந்து உட்கார்ந்துவிட்டான். நடுவில் எல்லோருக்கும் முன்னால் இவன் ஒருத்தன் மட்டும் கை தட்டிவிட்டான். மேடையில் வாசித்தவர் நிமிர்ந்து இவனைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "அம்மா, அவரு என்னைப் பார்த்தாரும்மா!"

டி.வி.யிலும் செல்போனிலும் எத்தனையோ பாட்டு கேட்கிறான். அதில் வருகிற ஒருவராவது இவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறாரா? நேரில் பார்ப்பதன் அருமை அதுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் டிபன் பாக்ஸே மிருதங்கம்! எனக்கும் அத்தைக்கும் காபி, பையனின் பஸ் காசு, குழந்தைகளுக்குக் கடலை மிட்டாய் எல்லாம் சேர்த்து அன்றைய செலவு 120 ரூபாய்.

அதன் பிறகு பொங்கல் சமயத்தில் சென்னை சங்கமத்துக்கும் போனோம். 2007-ல் ஆரம்பித்து, நடுவில் சில வருஷம் நின்று போய், 2023 பொங்கலில் மறுபடி ஆரம்பித்தார்களே, அதுதான். பூங்காவிலும் மைதானத்திலும் பறை, கரகம், தெருக்கூத்து எல்லாம் டிக்கெட் இல்லாமல் பார்க்கலாம். கூத்து வேஷத்தைப் பார்த்ததும் மாமியார் முகத்தில் வந்த மலர்ச்சியை எழுத எனக்குத் தெரியவில்லை. பேரனுக்கு வரிக்கு வரி கதை சொன்னது அவர்தான். வெளியூர் சகோதரிகளுக்கும் வழி இருக்கிறது. சிதம்பரத்தில் 1981 முதல் சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. உங்கள் ஊர்க் கோயில் திருவிழாக் கச்சேரிகளையும் விட்டுவிடாதீர்கள்.

நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு இந்த ஏழைத் தாயின் வேண்டுகோள்கள் சில:

* வீட்டுக்கு ஒரு 'குடும்ப டிக்கெட்' போடுங்கள். அப்பா, அம்மா, குழந்தைகள், பாட்டி எல்லோரும் ஒரே டிக்கெட்டில் வரட்டும்.

* விற்காத நாற்காலியைக் காலியாகப் போடுவதை விட, பக்கத்து மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

* லீவு நாளில் காலை நேரத்தில், ஒரு மணி நேர நிகழ்ச்சியாக வையுங்கள். ராத்திரி ஒன்பதரைக்கு முடிந்தால், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக் கொண்டு பஸ்ஸுக்கு எங்கே நிற்பது?

* வீட்டுச் சாப்பாட்டை வாசலில் தடுக்காதீர்கள். உள்ளே சாப்பிடக் கூடாது, சரி. வெளியே சாப்பிட ஒரு மூலை கொடுங்கள்.

* புதுச்சேரியைச் சேர்ந்த வேலு சரவணன் அவர்கள் குழந்தைகள் நாடகத்தைப் பள்ளிகளுக்கே கொண்டு போய் நடத்துகிறவர். இப்படி நாடகமே பள்ளிக்கு வந்தால் பஸ் செலவும் இல்லை, ஆட்டோ செலவும் இல்லை. மற்றவர்களும் செய்யலாமே!

நம் பங்குக்கு நாமும் சிலது செய்யலாம்:

* வாரம் 20 ரூபாய் ஒரு டப்பாவில் போடுங்கள். வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் சேரும். அதற்கு 'கலை உண்டியல்' என்று என் பெண் பேர் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

* நாலைந்து வீடு சேர்ந்து போங்கள். ஆட்டோச் செலவு குறையும், பயமும் இருக்காது.

* குழந்தைகளோடு ஓரத்து நாற்காலியில் உட்காருங்கள். அழுதால், அடம் பிடித்தால் உடனே வெளியே கூட்டி வந்து விடுங்கள். அரை மணி நேரம் கேட்டாலும் லாபம்தான்.

* இலவசமாகப் பார்த்துப் பிடித்துப் போனால், கலைஞர்களிடம் நேரில் போய் நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உண்டியலில் காசு சேர்ந்ததும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது டிக்கெட் வாங்கிப் போங்கள். அவர்களும் பிழைக்க வேண்டுமே!

* கடைசியாக, முக்கியமானது. டிக்கெட் குறைந்தால், "நான் நிக்கறேன்" என்று நீங்களாக முந்திக் கொள்ளாதீர்கள். முறை வைத்துக் கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். போன மாதம் ஒரு நகைச்சுவை நாடகம் வந்தது. உண்டியலில் நாலு டிக்கெட்டுக்குத்தான் காசு இருந்தது. வழக்கம்போல எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாயே திறக்கவில்லை! கொஞ்ச நேரம் கழித்து என்னவர், "சரி சரி, நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க. மாவு நான் அரைச்சு வைக்கிறேன்" என்றார்.

மாவு கொஞ்சம் கொரகொரப்புதான். மறுநாள் இட்லி கல்லு மாதிரி வந்தது. ஆனால் நாடகத்தில் நான் சிரித்ததை எல்லாம் என் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கொண்டிருந்தாள். "அம்மா, உனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குல்ல?" என்று கேட்டாள். "ஆமாண்டி கண்ணு, சின்ன வயசிலேயிருந்தே ரொம்பப் பிடிக்கும்" என்றேன்.

என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே? உங்கள் ஊரில் குடும்பத்தோடு குறைந்த செலவில் போய்ப் பார்க்கக்கூடிய நிகழ்ச்சிகள் என்னென்ன என்று நீங்களும் இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்!

- ஒரு வாசகி, சென்னை-49