பாட்டி கொடுத்த வெள்ளி ரூபாய்: தேய்க்காதீர்கள், ஏமாறாதீர்கள்

பல வீடுகளில் பீரோவின் உள்ளறையிலோ பூஜை அலமாரியிலோ பழைய வெள்ளி ரூபாய் ஒன்றாவது இருக்கும். கல்யாணத் தாம்பூலத்தில் வைத்தது, பிரசவத்துக்குப் போகும்போது பாட்டி கையில் திணித்தது, காசுமாலையிலிருந்து கழற்றியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. அந்தக் காசுக்குக் கேடு வருவது பெரும்பாலும் நாம் நல்லதென்று நினைத்துச் செய்யும் காரியங்களால்தான். பளபளப்பு வேண்டுமென்று தேய்க்கிறோம். வெள்ளிதானா என்று பார்க்கக் கடையில் கொடுத்துவிட்டு வருகிறோம். லட்சக்கணக்கில் விலை போகும் என்ற வீடியோவை நம்பி முன்பணம் கட்டுகிறோம். பாட்டி கொடுத்த அதே காசு, அதே நிலையில், உரியவர் கையில் இருப்பதுதான் முக்கியம். விலை என்ன என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

எந்தக் காசு என்று பாருங்கள்

1835 முதல் 1939 வரையிலான பிரிட்டிஷ் இந்திய ஒரு ரூபாய்க் காசின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மீதி செம்பு. குறுக்களவு சுமார் 30.5 மில்லிமீட்டர். பல கைகள் மாறித் தேய்ந்த காசு சற்று எடை குறைந்திருக்கும், அது குற்றமல்ல.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1940 முதல் 1945 வரையிலான ரூபாய் அப்படிப்பட்டது. 1947 ரூபாய்க் காசு நிக்கலால் ஆனது, காந்தத்தில் ஒட்டும். ‘இதில் பாதிதான் வெள்ளி’ என்றோ ‘இது வெள்ளியே இல்லை’ என்றோ கடைக்காரர் சொன்னால், தாத்தாவை யாரோ ஏமாற்றிவிட்டதாக நினைத்து வருந்த வேண்டாம். முதலில் ஆண்டைப் பாருங்கள்.

எழுத்தும் ஆண்டும் பொருந்த வேண்டும். விக்டோரியா பெயருக்குப் பக்கத்தில் ‘குயின்’ என்று இருந்தால் ஆண்டு 1876-க்குள் இருக்கும். ‘எம்ப்ரஸ்’ என்று இருந்தால் 1877 அல்லது அதற்குப் பின். ஏழாம் எட்வர்டு ரூபாயில் தலையில் கிரீடம் இருக்காது. ஆண்டு 1903-க்கும் 1910-க்கும் நடுவில் இருக்கும். ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயில் மேலங்கியில் இருந்த யானை பன்றிபோல் தெரிகிறதென்று எதிர்ப்பு கிளம்ப, 1912-ல் உருவத்தைத் திருத்தினார்கள். அந்த 1911 காசையும், மிக அரிதான 1939 காசையும் சேகரிப்பாளர்கள் தேடுவதால் போலிகளும் உலவுகின்றன. 1938 காசில் கடைசி எண்ணைச் செதுக்கி 1939 ஆக்குவது பழைய தந்திரம்.

ராமர் பட்டாபிஷேகமும் அனுமனும் பொறித்து, மறுபுறம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818’ என்று போட்ட வில்லைகள் பல பூஜை அறைகளில் இருக்கின்றன. கம்பெனி அப்படி நாணயம் அடித்ததில்லை. பக்தியோடு வைத்துக் கும்பிடலாம். அரிய நாணயம் என்று பணம் கொடுத்து வாங்கக் கூடாது.

காசைக் காயப்படுத்தாத சோதனை

உரைகல்லில் உரைப்பது, அரத்தால் சுரண்டுவது, அமிலச் சொட்டு விடுவது மூன்றும் வேண்டாம். பூதக்கண்ணாடியால் விளிம்பைப் பாருங்கள். அச்சில் அடித்த காசில் விளிம்புக் கோடுகள் சீராக இருக்கும். வார்ப்புப் போலியில் விளிம்பைச் சுற்றி ஓர் ஒட்டுக்கோடோ, பரப்பில் ஊசிமுனை அளவு குழிகளோ தெரியும், எழுத்துகளும் மழுங்கியிருக்கும்.

பிறகு தண்ணீர்ச் சோதனை. கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு தராசு தேவை. முதலில் காசின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தராசில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ இடிக்காமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். 11.66 கிராம் காசுக்குத் தராசு சுமார் 1.13 காட்ட வேண்டும். முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் ஏறக்குறைய 10.3 வரும். காசு தேய்ந்து எடை குறைந்திருந்தாலும் இந்த விடை பெரிதாக மாறாது. போர்க்கால ரூபாய்க்கு 9.5 அளவில் வரும். 1939-க்கு முந்தைய காசுக்கு ஒன்பதுக்குக் கீழே வந்தால் சந்தேகப்படலாம். சோதனை முடிந்ததும் மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள்.

உறுதி வேண்டுமென்றால் ஹால்மார்க் மையங்களிலும் பெரிய நகைக்கடைகளிலும் உள்ள எக்ஸ்ரே கருவியில் காட்டலாம். அது காசைச் சுரண்டாது. ஆனால் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். அதனால் முலாம் பூசிய போலியைக் கண்டுபிடிக்க எடை, தண்ணீர்ச் சோதனை, எக்ஸ்ரே மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய காசில் ஹால்மார்க் முத்திரை இருக்காது. அதை வைத்துப் போலி என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

கறுப்பு அழுக்கு அல்ல

காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்வதால் வருவதே அந்தக் கருமை. அது மெல்லிய படலம்தான். புளி, திருநீறு, பல்பொடி, பேஸ்ட் எதைக் கொண்டு தேய்த்தாலும் படலத்தோடு வெள்ளியும் போகும். ராணியின் கூந்தல் கோடுகள் மழுங்கும். ஒருமுறை போனது திரும்பாது. அலுமினியத் தாளும் சோடா உப்பும் சேர்ந்த வெந்நீர் வைத்தியம் தேய்க்காது என்றாலும், காலம் ஏற்றிய நிறத்தை வெளுத்துவிடும். சேகரிப்பாளர்கள் அப்படி வெளுத்த காசுக்கு விலை குறைப்பார்கள்.

ரப்பர் பேண்ட், செய்தித்தாள், கம்பளித் துணி மூன்றிலும் கந்தகம் உண்டு. காசை இவற்றில் சுற்றாதீர்கள். மெத்தென்ற பிவிசி உறைகள் இன்னும் மோசம். சில ஆண்டுகளில் காசின்மேல் பச்சைப் பிசுக்கு படியும். கண்ணாடி போன்ற அக்ரிலிக் டப்பியோ மைலார் உறையோ வாங்கி, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். கடலோர ஊர்களில் இது கட்டாயம். காசை எப்போதும் விளிம்பைப் பிடித்தே எடுங்கள். பூஜையில் மஞ்சள், குங்குமம், பால் படும் இடத்தில் புதுக் காசு இருக்கட்டும். பழையது டப்பியோடு அருகில் இருக்கலாம்.

கடையில் கொடுக்கும்போது

பார்த்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள். சோதனை உங்கள் கண்முன் நடக்க வேண்டும். விட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், ஆண்டு, எடை, கீறல் அடையாளங்கள் குறித்த ரசீது வாங்குங்கள். முன்கூட்டியே இருபுறமும் விளிம்பும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து வைத்திருங்கள். நம்பி ஒப்படைத்த காசை மாற்றிவிட்டால் அது பாரதிய நியாய சன்ஹிதா 316-ஆம் பிரிவின் கீழ் நம்பிக்கை மோசடி. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். கட்டணம் வாங்கிய கடை அலட்சியத்தால் சேதப்படுத்தினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். ரசீதும் படமும் இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

கோடி ரூபாய் ஆசை

பழைய காசை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறோம், பதிவுக் கட்டணமும் வரியும் முதலில் கட்டுங்கள் என்று போன் வந்தால் அது மோசடி. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இது நடப்பதால், தாங்கள் இத்தகைய வியாபாரத்தில் இல்லை, கமிஷன் கேட்பதுமில்லை என்று 2021 ஆகஸ்டில் வங்கியே எச்சரித்தது. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலந்த காசு என்ற ‘ரைஸ் புல்லிங்’ கதைகளும் இதே ரகம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம்.

யாருக்குச் சொந்தம், எங்கே கொண்டுபோகலாம்?

உயில் எழுதாமல் காலமான இந்துப் பெண்மணியின் காசில் மகன், மகள், கணவர் ஆகியோருக்குச் சம உரிமை. சாவி வைத்திருப்பவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். லாக்கருக்கு நாமினியாக இருப்பவரும் எடுத்துப் பங்கிடும் பொறுப்பு உள்ளவரே. தீ, திருட்டு, ஊழியர் மோசடியில் லாக்கர் பொருள் போனால் ஆண்டு வாடகையின் நூறு மடங்குவரை வங்கியின் பொறுப்பு. உள்ளே என்ன இருந்தது என்பதற்கு உங்கள் படமும் பட்டியலும்தான் ஆதாரம்.

1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசும் தொல்பொருள். வீட்டில் வைத்திருப்பது குற்றமல்ல. ஆனால் சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கும் பேத்திக்குப் பாசத்தோடு பெட்டியில் வைத்து அனுப்பினால் அது சட்டவிரோத ஏற்றுமதி. ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. காசின் வயதில் ஐயம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று கேளுங்கள். வீடு கட்டக் குழி தோண்டும்போது காசுப் பானை கிடைத்தால் அது பரம்பரைச் சொத்தாகாது. 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். காசைப் படம் எடுத்து, எடையையும் ஆண்டையும் குறித்து, யார் யாருக்கு எந்தச் சந்தர்ப்பத்தில் கொடுத்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டுப் பெரியவர் இருந்தால் அவர் வாயாலேயே கேட்டு எழுதி, கையெழுத்தும் வாங்குங்கள். அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பதை உயிலில் ஒரு வரி சேருங்கள். நாளை காசு மாறினால் கண்டுபிடிக்கவும், பங்கில் சண்டை வந்தால் தீர்க்கவும், பேரப்பிள்ளைகள் கேட்டால் கதை சொல்லவும் அந்த ஒரு தாள் போதும்.