நகம் அளவில் ஒரு கத்தி!

குழந்தைகளே! கோவில்பட்டி என்றதும் கடலை மிட்டாயும் தீப்பெட்டியும் நினைவுக்கு வரும், இல்லையா? தீப்பெட்டி வருவதற்கு முன்பு, இரும்புத் துண்டில் சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டித்தான் நெருப்பு உண்டாக்கினார்கள். உலோகமே தெரியாத காலத்தில் அந்தக் கல்தான் மனிதனின் கத்தி. அம்பு முனையும் அதுதான்! உடைத்தால் கண்ணாடிச் சில்லு போலக் கூர்மையாக இருக்கும்.

ஐரோப்பாவில் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே இந்தக் கல் நிறையக் கிடைக்கிறது. நம் முன்னோர் என்ன செய்தார்கள்? அதன் உறவுக்காரக் கல்லான 'செர்ட்'டையும், வெங்கச்சங்கல்லையும் பயன்படுத்தினார்கள்.

கோவில்பட்டியின் கரிசல் மண்ணைத் தாண்டி, அதே தூத்துக்குடி மாவட்டத்தின் கடலோரம் போனால் 'தேரி' எனப்படும் செம்மணல் மேடுகளைக் காணலாம். சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பகுதித் தேரிகளில் சின்னஞ்சிறு கல் கருவிகள் கிடைத்துள்ளன. பல கருவிகள் நம் கட்டைவிரல் நகம் அளவுதான்! இவற்றை ஆராய்ந்த சாய்னர், ஆல்ச்சின் என்ற அறிஞர்கள் 1956-இல் விரிவாக எழுதினார்கள். இவை சுமார் 6,000 ஆண்டுகள் பழமையானவை என்பது அவர்கள் கணிப்பு.

எப்படிச் செய்தார்கள்? கல்லை இன்னொரு கல்லால் தட்டினால் சில்லுகள் பெயரும். நல்ல சில்லை எடுத்து, அதன் ஓரத்தைக் கூரான எலும்பாலோ கொம்பாலோ அழுத்துவார்கள். பொடிப்பொடியாகத் தெறித்து, பிறைநிலா போன்ற வடிவம் வரும். அதை மரக்குச்சியில் பதித்து, பிசினால் ஒட்டினால் அம்பு தயார்! மரமும் பிசினும் மக்கிப் போயின. கல் மட்டும் மிஞ்சியது.

புதிய கற்காலத்தில் மனிதன் கல்லைத் தேய்த்து வழவழப்பாக்கக் கற்றான். 1960-களில் திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் தோண்டியபோது, அப்படித் தேய்த்த கோடரிகளோடு கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. வேட்டையாடியவன் விவசாயி ஆகிவிட்டான் என்பதற்கு அவையே சாட்சி!

கோடரியை மட்டும் யாராவது எடுத்துப் போயிருந்தால்? அது பயறோடு கிடந்த செய்தி நமக்குத் தெரிந்தே இருக்காது. கிடந்த இடத்தை விட்டு நகர்த்தினால் கல் ஊமையாகிவிடும்.

2006-இல் மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில், ஒரு பள்ளி ஆசிரியர் தம் வீட்டில் கன்று நடக் குழி தோண்டினார். வழவழப்பான கல் கோடரி கிடைத்தது! அவர் அதைத் தொல்லியல் துறையினரிடம் காட்டியதால்தான் இன்று உலகுக்கே அது தெரியும்.

நீங்களும் தேரியிலோ ஓடைக்கரையிலோ வித்தியாசமான கூர்க்கல்லைப் பார்த்தால், பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். சொல்வீர்கள்தானே?