உங்களுக்குத் தெரியுமா? படிப்பு, பழக்கம், பக்கத்துப் பிள்ளை

● டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் காலை ஆறு மணி பேட்ச், ஏழு மணி பேட்ச் என்று தினம் ஒரு மணி நேரம்தான் மெஷின் கிடைக்கும். இருக்கிற மெஷின்களைப் பலருக்கும் பங்கு போட வேண்டிய ஏற்பாடு அது. ஆனால் விரல் பழகுவதற்கும் அதுதான் நல்ல அளவு என்பது உங்களுக்குத் தெரியுமா? பிரிட்டனில் தபால் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்றுத்தர வேண்டியிருந்தபோது, ஆலன் பேட்லி, லாங்மேன் என்ற இரு ஆய்வாளர்கள் அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினம் ஒரு மணி நேரப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு வேளை. மற்ற இரண்டும் இடைப்பட்டவை. விசைப்பலகையைக் கற்றுமுடிக்க, தினம் ஒரு மணி நேரக்காரர்களுக்கு மொத்தம் சுமார் 35 மணி நேரம் போதுமாக இருந்தது. தினம் நான்கு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு சுமார் 50 மணி நேரம் ஆனது. 1978இல் வெளிவந்த அந்த ஆய்வில் ஒரு வேடிக்கையும் உண்டு. குறைந்த நேரத்தில் கற்றவர்கள்தான் தங்கள் பயிற்சி முறையைப் பற்றி அதிகம் குறைபட்டுக்கொண்டார்கள். நாள் கணக்கில் பார்த்தால் மற்றவர்கள் முந்திப் போவதாக அவர்களுக்குப் பட்டது. ‘15 நாளில் இங்கிலீஷ்’, ‘பத்தே நாளில் கீபோர்டு’ என்கிற விளம்பரங்களுக்குக் கூட்டம் சேர்வது இதனால்தான்.

● தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, முதுநிலைக்கு 45 வார்த்தை வேகம் வேண்டும். முதல் பாடம் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’. சுண்டுவிரல் தட்டிய ‘ஏ’ மங்கலாகவும், நடுவிரல் தட்டிய ‘டி’ பளிச்சென்றும் தாளில் விழும். எல்லா எழுத்தும் ஒரே கறுப்பில் விழும்வரை மாஸ்டர் அடுத்த வரிக்கு விடமாட்டார். எந்த விரல் பலவீனம் என்பதைத் தாளே காட்டிவிடுகிறது. கம்ப்யூட்டரில் இந்த வசதி இல்லை. எப்படித் தட்டினாலும் எழுத்து ஒரே மாதிரிதான் வரும்.

● படித்ததை மனிதர் எவ்வளவு வேகமாக மறக்கிறார் என்று முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளே இல்லாத அசைகளைத் தாமே உருவாக்கி, தாமே மனப்பாடம் செய்து, தாமே மறந்து, கணக்கெழுதினார். 1885இல் புத்தகமாக வெளியிட்டார். மறதியில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்துக்குள் நடந்துவிடுகிறது, அதன்பிறகு வேகம் குறைகிறது என்பது அவர் கண்டது. ஆகவே மறுபார்வை பார்க்கிற நாள் பரீட்சைக்கு முந்தின நாள் அல்ல, பாடம் நடந்த அன்று சாயந்திரம்.

● சரி, சாயந்திரம் உட்கார்ந்து மறுபடி வாசித்தால் போதுமா? போதாது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட சோதனையில், கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பாடத்தைத் திரும்பவும் வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் வாசிக்காமல், நினைவிலிருந்ததை வெள்ளைத் தாளில் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முன்னிலை: 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். வாசித்தவர்களிடம் 42 சதவீதமே மிச்சம். எழுதிப் பார்த்தவர்களிடம் 56. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மஞ்சள் மையால் கோடு போடுகிற பிள்ளையிடம், ‘மூடி வை, ஞாபகம் இருப்பதை எழுதிக் காட்டு’ என்று சொல்லிப் பாருங்கள். எரிச்சல்படும். படட்டும்.

● இதையே நம் திண்ணைப் பள்ளிக்கூட உபாத்தியாயர்கள் தினமும் செய்துவந்தார்கள். மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஒரு ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார்கள். மறுநாள் காலை அதை மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலில் அந்தக்காலப் பள்ளிக்கூட வழக்கங்களை விரிவாகப் படிக்கலாம். நான்கு வயதுக் குழந்தை உள்ள வீட்டில் இன்று இரவே ஆரம்பிக்கலாம், ஃபீஸ் கிடையாது.

● ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர் ‘மெட்ராஸ் காலேஜ்’. காரணம் நம் எழும்பூர். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக நடந்த விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். ஒருநாள் குதிரையில் போகும்போது, திண்ணைப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துக் கூட்டுவதைக் கண்டார் என்பார்கள். தம் பள்ளியில் அதைச் செய்யச் சொன்னபோது, ஆசிரியர்கள் முடியாது என்று கைவிரித்தார்கள். பெல் மல்லுக்கட்டவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் அரிச்சுவடி சொல்லித்தர வைத்தார். பையன் சொல்லிக் கொடுத்தான், பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். பிறகு பள்ளி முழுவதும் அப்படியே நடந்தது.

ஊருக்குத் திரும்பி 1797இல் இதைப் பெல் புத்தகமாக எழுத, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் பிரிட்டன் முழுக்கப் பரவியது. நமக்கு இது புதிதல்ல. சட்டாம்பிள்ளை என்று நாம் சொல்வது அதைத்தான். ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அங்கே அது பரவியதற்குச் செலவு குறைவு என்பது பெரிய காரணம். ஒரு வாத்தியார் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள்! மலிவுக்காகச் செய்தபோது வெறும் ஒப்பிப்பாகப் போய்விட்டது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. வாத்தியாருக்குப் பதிலாகச் சட்டாம்பிள்ளை என்பது தப்பு. வாத்தியார் நடத்திய பிறகு சட்டாம்பிள்ளை என்பது நல்ல முறை.

● அதில் அதிக லாபம் கேட்கிற பிள்ளைக்கு அல்ல, சொல்லிக் கொடுக்கிற பிள்ளைக்கு. பின்னத்தைக் கூட்டத் தெரியும் என்று நினைக்கிற ஏழாம் வகுப்புக்காரி, ஐந்தாம் வகுப்புத் தம்பி ‘ஏன்க்கா கீழே இருக்கிற நம்பரைக் கூட்டக் கூடாது?’ என்று கேட்டதும் விழிப்பாள். தனக்கு எது தெரியவில்லை என்று அவளுக்குத் தெரியவரும் இடம் அதுதான்.

● எட்டுப் பேர் சேர்ந்து கயிறு இழுத்தால் எட்டு மடங்கு பலம் வருமா? பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான் அளந்து பார்த்து 1913இல் வெளியிட்டார். ஒருவர் தனியாக இழுக்கும் பலம் 100 என்றால், எட்டுப் பேர் சேர்ந்தபோது ஆளுக்கு 49தான் தேறியது. ஒரே நேரத்தில் எல்லோரும் இழுக்காததுதான் காரணமோ என்று பார்க்க, 1974இல் அமெரிக்காவில் வேறொரு குழுவினர் இன்னொரு சோதனை செய்தார்கள். ஆளின் கண்ணைக் கட்டி, பின்னால் பலர் நிற்பதாக நம்பவைத்து, உண்மையில் அவரை மட்டும் இழுக்க வைத்தார்கள். அப்போதும் பலம் குறைந்தது! தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான்.

பள்ளியில் ‘குரூப் புராஜெக்ட்’ கொடுத்தால், கடைசியில் ஒரே ஒரு பிள்ளை (அல்லது அந்தப் பிள்ளையின் அம்மா) இரவு பதினொரு மணிக்குத் தெர்மாகோல் வெட்டுவதும் இதனால்தான். குழுவில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். யார் எந்தப் பகுதி என்று பெயரெழுதி ஒட்டச் சொல்லுங்கள். மதிப்பெண்ணில் ஒரு பங்காவது தனித்தனியாக இருக்கட்டும்.

● குழு வேலையைச் சரியாக அமைப்பதற்கு ஒரு வழியை எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் கண்டுபிடித்தார். வெள்ளையர், கறுப்பர், மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் அங்கே முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்த காலம். வகுப்பில் ஓயாத சண்டை. ஆரன்சன் குழு ஒரு பாடத்தை ஆறு துண்டாக்கியது. ஆறு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு. மற்ற ஐந்தையும் சக மாணவர்கள் வாய்வழியாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பரீட்சையோ முழுப் பாடத்திலும். ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் தனியே கூடிப் பேசித் தெளிவு பெற்று, பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்புவார்கள். திக்கித் திணறிப் பேசிய பையனை முதலில் எல்லோரும் கேலி செய்தார்கள். அவனிடமிருக்கும் துண்டு தெரியாவிட்டால் தங்களுக்கும் மதிப்பெண் போகும் என்று புரிந்ததும், கேலியை விட்டுவிட்டு அவன் சொல்ல வசதியாகக் கேள்வி கேட்கப் பழகினார்கள். அறிவுரை சொல்லித் திருத்த முடியாததை ஏற்பாடு திருத்தியது. ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் செய்து பார்க்க இரண்டு பீரியட் போதும்.

● சாரணர் இயக்கத்தின் முதல் முகாம் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடந்தது. வந்தவர்கள் இருபது பையன்கள். பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் கலந்தே இருந்தார்கள். முகாமை நடத்திய பேடன் பவல், பையன்களை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு அணிக்கும் ஒரு பையனையே தலைவனாக்கினார். இன்றும் சாரணர் இயக்கத்தின் அடிப்படை இந்தச் சிறிய அணிதான். இருபது பேரில் ஒளிந்துகொள்ளலாம், ஐந்து பேரில் ஒளிய முடியாது.

● வயது முப்பதைத் தாண்டிவிட்டது, இனி எங்கே கற்பது என்பவர்களுக்குப் புதுக்கோட்டையைச் சொல்ல வேண்டும். 1991இல் அறிவொளி இயக்கம் அங்கே தொடங்கியபோது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டார்கள். பாடம் சொல்லித்தரும் பெண் தொண்டர்கள் ஊர் ஊராகப் போக வேண்டுமே! அந்தத் தொண்டர்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் கலெக்டர் முயற்சி எடுத்தார். விவசாயக் கூலிகள், கல்குவாரிப் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று எல்லாத் தரப்பும் சேர்ந்தது. சில ஆண்டுகளில் லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். எழுபதாயிரம் பேருக்கு மேல் பொது இடத்தில் ஓட்டிக் காட்டும் போட்டிகளில் கலந்துகொண்டார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனதால், பலரும் ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். வேறு வழியில்லாமல் வாங்கியவர்கள் மட்டுமல்ல, அதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்களும் உண்டு. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே போகிற பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் அல்லவா! கேரியரில் தண்ணீர்க் குடம். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சம். கேலி பேசியவர்கள் இல்லாமலில்லை. ஒருத்தி மட்டும் ஓட்டினால் ஊர் பேசும். தெருவே ஓட்டினால் யாரை யார் பேசுவது? தனி ஆளாகக் கற்கக் கூச்சமாக இருக்கிற எதற்கும், நீச்சலோ ஸ்கூட்டரோ ஸ்மார்ட்போனோ, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு இறங்குவது நல்லது.

● பெரியவர்கள் சைக்கிள் பழக ஒரு குறுக்கு வழி: சீட்டை நன்றாக இறக்கி, பெடல் இரண்டையும் கழற்றிவிடுங்கள். இரண்டு காலாலும் தரையை உந்தி உந்தி உருட்டுங்கள். பாலன்ஸ் வந்த பிறகு பெடலை மாட்டுங்கள். பின்னால் யாரும் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. குரங்குப் பெடல் போட்டு முட்டியைச் சிராய்த்துக்கொண்ட தலைமுறைக்கு இது கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

● பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர் டியூஷன் எடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது: கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 28. நடப்பு வேறு என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

● அதே சட்டத்தில் இன்னும் சில. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று காட்டி எட்டாம் வகுப்பு வரையிலான சேர்க்கையை மறுக்க முடியாது. ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், ஆறு முதல் எட்டு வரை 220. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று வாட்ஸ்அப்பில் புலம்புவதைவிட, அந்தக் குழுக் கூட்டத்தில் போய்ப் பேசித் தீர்மானம் எழுத வைப்பது மேல்.

● படிப்பைப் பாதியில் விட்டவர்கள் திரும்பி வர வழி இருக்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிறைந்திருந்தால் போதும். உச்ச வயது வரம்பு இல்லை. தமிழ்நாடு அரசு ஐ.டி.ஐ.யில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரக்கூடிய பிரிவுகளும் உண்டு. வயர்மேன், வெல்டர் அந்த வகை. பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் ரூ.750 உதவித்தொகையும் உண்டு. ஆண்களுக்கு 40 வயது வரை அனுமதி. பெண்களுக்கு வயது வரம்பே இல்லை. வீட்டுக்கு வயரிங் பார்க்க வருகிற எலக்ட்ரீஷியன் ஒருநாள் கேட்கிற கூலியை நினைத்துப் பார்த்தால், நான் சொல்ல வருவது புரியும்.

● கடைசியாக ஒன்று, எட்டாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீடுகளுக்கு. அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ படித்து, குடும்ப ஆண்டு வருமானம் ரூ.3.5 லட்சத்துக்குள் இருந்தால், தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு எழுதலாம். பேச்சுவழக்கில் என்.எம்.எம்.எஸ். தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மாதம் ரூ.1,000, நான்கு ஆண்டில் ரூ.48,000. தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் 6,695 இடங்கள். திறனறித் தாளில் 90 கேள்வி, பாடத் தாளில் 90 கேள்வி. பழைய வினாத்தாளை வைத்துக்கொண்டு, நாலு பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்து, தினம் ஒரு மணி நேரம் பழக்கினால் போதும். விண்ணப்பம் பள்ளி மூலமாகத்தான் போகும். எப்போது அனுப்புகிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.