வரிச் சீட்டின் கீழ் வரியில் பள்ளிக்கூடக் கடன்

கலிபோர்னியாவில் வீடு வைத்திருப்பவர்களுக்கு அக்டோபரில் சொத்து வரிச் சீட்டு வரும். 1 சதவீத அடிப்படை வரிக்குக் கீழே, பொடி எழுத்தில், பள்ளி மாவட்டத்தின் பெயரும் ஒரு சின்ன விகிதமும் இருக்கும். பள்ளிக் கட்டடங்களுக்காக விற்ற கடன் பத்திரத்துக்கு நீங்கள் கட்டும் பங்கு அது. சான்ஹோசே, ஃப்ரீமாண்ட் பக்கம் வீடு வாங்கிய நம்மவர்கள் பலர் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கட்டிவிடுகிறார்கள்.

1978-இல் மாநில வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-வது முன்மொழிவு சொத்து வரிக்கு 1 சதவீத உச்சவரம்பு வைத்தது. கடனை அடைக்கக் கூடுதல் வரி போட வழியில்லாமல் பள்ளிகளின் பத்திர விற்பனை முடங்கியது. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைத்தால் விற்கலாம் என்று 1986-இல் வழி திறந்தது. 2000-இல் 39-வது முன்மொழிவு 55 சதவீத ஓட்டே போதும் என்றது. கூடவே கடிவாளமும் போட்டது. என்னென்ன வேலை என்று முன்கூட்டியே பட்டியல் தர வேண்டும். ஆண்டுதோறும் தணிக்கை வேண்டும். துணைச் சட்டப்படி குடிமக்கள் கண்காணிப்புக் குழுவும் வேண்டும். ஆசிரியர் சம்பளத்துக்கு இந்தப் பணத்தைத் தொடக் கூடாது.

அப்படியும் ஏமாந்த ஊர் உண்டு. சான் டியாகோ அருகே போவே பள்ளி மாவட்டம் 2011-இல் சுமார் 10.5 கோடி டாலர் கடன் வாங்கியது. முதல் 20 ஆண்டுகளுக்கு ஒரு காசும் கட்ட வேண்டாம். வட்டி அசலோடு சேர்ந்து குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். 2051-க்குள் திருப்பித் தர வேண்டியது ஏறத்தாழ 100 கோடி டாலர். அன்று ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை நாற்பது வயதைத் தாண்டியும் இதைக் கட்டிக்கொண்டிருக்கும். எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 2013-இல் வந்த சட்டம் இத்தகைய பத்திரங்களுக்கு 25 ஆண்டு, அசலைப் போல் நான்கு மடங்கு என்று வரம்பு கட்டியது. நான்கு மடங்கே எனக்கு அதிகமாகத்தான் படுகிறது.

ஆகவே, ஓட்டுப் போடும் முன் தேர்தல் கையேட்டில் உள்ள வரி விகித அறிக்கையைப் படியுங்கள். கடன் தொகையை மட்டும் பார்த்தால் போதாது. அசலும் வட்டியும் சேர்ந்த மொத்த மதிப்பீட்டைப் பாருங்கள். கண்காணிப்புக் குழுவின் கூட்டங்களில் யாரும் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். செலவு ஆவணங்களை எழுதிக் கேட்டால், தருவார்களா மாட்டார்களா என்று பொதுவாக 10 நாளில் பதில் வர வேண்டும். பட்டியலில் இல்லாத வேலைக்குப் பணம் போனால், அந்த மாவட்டத்தில் குடியிருந்து சொத்து வரி கட்டும் குடிமகன் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம். கிரீன் கார்டில் இருப்பவருக்கு ஓட்டு இல்லை. ஆனால் ஆவணம் கேட்கவும் கூட்டத்தில் எழுந்து பேசவும் அவருக்கு எந்தத் தடையும் இல்லை.