மார்த்தாவுக்கு யார் உதவுவது?

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதலில் அடுப்பைத்தானே பற்றவைப்போம்? மார்த்தாவும் அதைத்தான் செய்தார்.

லூக்கா நற்செய்தி 10-ம் அதிகாரத்தில் 5 வசனங்களில் முடிந்துவிடும் கதை. இயேசு வந்திருக்கிறார். மார்த்தா ஓடியாடி வேலை பார்க்க, உடன்பிறந்த மரியா அவர் காலடியில் உட்கார்ந்து பேச்சைக் கேட்கிறார். 'இவளை எனக்கு உதவச் சொல்லுங்கள்' என மார்த்தா முறையிட, மரியா தேர்ந்தெடுத்ததே நல்லது என்கிறார் இயேசு. வயிற்றுப் பசியைவிட ஆன்மப் பசி பெரிது என்பதற்குத் தேவாலயங்களில் அடிக்கடி சொல்லப்படும் கதை இது.

சமையலறையில் நிற்பவர்களுக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால், குருவின் காலடி என்பது அந்தக் காலத்தில் மாணவரின் இடம், பெரும்பாலும் ஆண்களுக்கானது. அங்கே ஒரு பெண் உட்கார்ந்ததை இயேசு தடுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

லண்டன் நேஷனல் கேலரியில், ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் 1618-ல் வரைந்த ஓவியம் இருக்கிறது. இயேசுவும் மரியாவும் பின்னால் சின்னக் கட்டத்துக்குள். முன்னால் பெரிதாக, பூண்டு, மீன், முட்டைக்கு நடுவே முகம் வாடியபடி இடித்துக்கொண்டிருக்கிறார் ஒரு பெண். ஓவியரின் மனசு யார் பக்கம் என்று தெரிகிறதல்லவா!

அவிலா நகரத்துப் புனித தெரசாளும் 1577-ல் இதை எழுதினார். மரியா காலடியிலேயே இருந்துவிட்டால் இயேசுவுக்குச் சாப்பாடு போடுவது யார் என்று கேட்டார். ஜெபமே வாழ்க்கையாக இருந்த துறவி கேட்ட கேள்வி இது.

யோவான் நற்செய்தி 12-ம் அதிகாரத்தில் பெத்தானியாவில் மீண்டும் ஒரு விருந்து. மரியா மறுபடியும் இயேசுவின் காலடியில். மார்த்தா பரிமாறிக்கொண்டிருக்கிறார். இந்த முறை அவரிடம் முறையீடு எதுவும் இல்லை.