பாம்புக்கு வேர்க்காது பாஸ்!

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போயிருக்கீங்களா? வெயில் ஏறினப்புறம் ஆத்து மணல்ல செருப்பில்லாம பத்தடி நடந்தா போதும், 'ஆத்தா மாரியம்மா!'ன்னு தானா குரல் வரும். ஒரு காலத்துல திருவிழான்னா இப்படிப்பட்ட வெயில்லதான் பாம்பாட்டி கூடையைத் திறப்பார். வேடிக்கை பார்க்கிற நாம சுட்டா நிழலுக்கு ஓடிடுவோம். பாம்பு எங்கே ஓடும்?

மேட்டர் இதுதான். வெளியே எப்படி இருந்தாலும் நம்ம உடம்பு 37 டிகிரியை விடாது. சுட்டா வேர்க்கும், குளிர்ந்தா நடுங்கும். பாம்புக்கு அந்த வசதி இல்லை. குளிர்ந்தா வெயிலுக்கு வரும், சுட்டா பொந்துக்குள்ள போகும். பெட்டியில அடைச்சுட்டா? ரெகுலேட்டர் நம்ம கைக்கு வந்துடுது!

ஜெர்மனியில ஹாம்னு ஒரு ஊர். அங்கே நடக்கிற 'டெர்ராரிஸ்டிகா' ஊர்வன கண்காட்சி உலக ஃபேமஸ். டிசம்பர் குளிர்லயும் நடக்கும். இந்த மாதிரி குளிர்ல பாம்பைக் கொண்டு போறவங்க, துணிப் பையில போட்டு தெர்மாகோல் பெட்டிக்குள்ள வைப்பாங்க. கூடவே சூடு தர்ற பொட்டலம். அது பாம்பு மேல நேரா பட்டா தோல் வெந்துடும், அதனால பேப்பர் சுத்தித் தள்ளி வைக்கணும்.

ஸ்டால்லயும் பெட்டி முழுக்கச் சூடாக்கக் கூடாது. பால் பைத்தானுக்கு (பால் குடிக்கிறதால இல்லீங்க, பந்து மாதிரி சுருண்டுக்கிறதால அந்தப் பேர்!) ஒரு பக்கம் 31-32 டிகிரி, மறுபக்கம் 26. ஒளிஞ்சுக்க ஒரு மறைவு. எந்தப் பக்கம்னு அதுவே முடிவு பண்ணட்டும். சாப்பிட்ட ரெண்டு நாளைக்குள்ள தூக்கிட்டுப் போனா, தின்னதைக் கக்கிடும். செரிக்கவும் சூடு வேணுமே!

நம்ம சாத்தூர், சிவகாசிப் பக்கம் பிரச்னையே தலைகீழ். பெட்டிக்குள்ள 40 டிகிரி தாண்டினா உயிருக்கே ஆபத்து. வெயில்ல நிறுத்தின காருக்குள்ள அது சில நிமிஷ வேலை. வாயைத் திறந்துக்கிட்டு, மூக்கால சுவரை முட்டிக்கிட்டே இருந்தா, 'தாங்கலை'ன்னு அர்த்தம்.

இதுக்கு அழகான பதில் ஈ.சி.ஆர்.ல, வடநெம்மேலியில இருக்கு. 1978-ல ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். அரசு அனுமதியோட நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியனைப் பிடிச்சு, விஷம் எடுத்து, மறுபடி காட்டுலயே விட்டுடுவாங்க. அதுவரைக்கும் பாம்புக்கு வீடு எது தெரியுமா? மண் பானை! வாயில பருத்தித் துணி கட்டியிருக்கும். இருட்டு, குளுமை, காத்து... மூணும் கிடைக்கும். கரன்ட் பில் கிடையாது!

உடனே 'நானும் ஒண்ணு வளர்க்கிறேன் மச்சி'ன்னு கிளம்பிடாதீங்க. 1972 வனவிலங்குச் சட்டப்படி நம்ம ஊர்ப் பாம்பை வீட்டுல வெச்சிருக்கிறதே குற்றம். பால் பைத்தான் மாதிரி வெளிநாட்டுப் பாம்புன்னா, 2024-ல வந்த விதிப்படி பதிவு செய்யணும்.

இனிமே எந்தப் பாம்புக் காட்சிக்குப் போனாலும் நீளத்தை மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க. ஒளிய மறைவு இருக்கா, நிழல் இருக்கா, தண்ணி இருக்கான்னும் பாருங்க. இல்லேன்னா அங்கேயே கேளுங்க. சுடுதுன்னு சொல்ல அதுக்கு வாய் கிடையாது. உங்களுக்கு இருக்கே!